அதிரசத்தில் பெரிய பாதி

எங்கள் ஊரில் நோயாளி என்பது பெரும்பாலும் பன்மை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் நாற்காலியில் உட்கார்வதோடு சரி. எங்கே வலிக்கிறது என்பதை மனைவி சொல்வார், எப்போதிலிருந்து என்பதை மைத்துனர் சொல்வார். எந்த மாத்திரை கொடுக்கலாம் என்பதைச் சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் சொல்வான். காரைக்குடியில் இத்தனை வருடம் பொது மருத்துவம் பார்த்ததில் எனக்கு இந்தக் கூட்டம் பழகிவிட்டது. யாராவது தனியாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால்தான் சங்கடம். அவர் எதையோ மறைக்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த மனிதர் தனியாகத்தான் வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவகோட்டை வழித்தடத்திலேயே காலம் தள்ளியவர். காதோடு காதாகச் சொல்கிற விஷயத்தையும் கடைசி சீட்டுக்குக் கேட்கும்படி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். உள்ளங்கால் எரிகிறது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கிறது என்றார். ரத்தம் பார்த்தோம். சர்க்கரை ஏகமாக இருந்தது. சொன்னேன். இந்த இடத்தில் எல்லோரும் "இது தீருமா?" என்றுதான் கேட்பார்கள். அவர் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லையே?" என்று கேட்டார்.

வீடு என்றால் மனைவி. அந்த அம்மாள் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறவர். அதிரசம், மனகோலம், மாவுருண்டை, சீப்புச் சீடை என்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகும். கண்டனூர்ப் பக்கம் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்காகத் திறந்தால் சீர்ப் பலகாரம் இவர் கையால்தான். கண்டக்டர் எடை போட்டு, கட்டி, ஸ்கூட்டரில் வைத்து கொரியர் ஆபீஸில் சேர்ப்பார். இது சிறிய வேலை. பெரிய வேலை ஒன்று இருந்தது. எண்ணெயிலிருந்து எடுக்கிற முதல் அதிரசம் அவருக்கு. அவர் அதைப் பிட்டு, கண்ணை மூடி மென்று, "போடு" என்று சொன்ன பிறகுதான் மிச்ச மாவு சட்டிக்குள் போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானாம்.

"எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சா அவ அடுப்பை அணைச்சிருவா டாக்டரம்மா," என்றார். "அவ ஊருக்காகச் செய்யலை. எனக்காகத்தான் செய்யுறா. ஊர்க்காரவுக மிச்சத்தை வாங்குறாக."

மனைவிக்குத் தெரிந்தால்தான் சாப்பாடு மாறும், சாப்பாடு மாறினால்தான் மாத்திரை வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்தவரை எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன், காப்பிக்குக்கூடச் சர்க்கரை வேண்டாம், அந்த முதல் அதிரசத்தில் மட்டும் ஒரு விள்ளல், என்று அவர் டிக்கெட் இல்லாத பயணி போலக் கெஞ்சினார். சரி என்றேன். மாத்திரையை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அது வெயிலில் வெந்துவிடும் என்று சொன்ன பிறகு, கொரியர் ஆபீஸில் ஒரு நண்பரின் மேசை டிராயருக்கு மாற்றிக்கொண்டார். தினமும் பார்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கொரியர் ஆபீஸுக்குப் போகத் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்து ஓர் அம்மாள் தனியாக வந்தார். மெலிந்த உருவம், இடுப்பில் சுருக்குப்பை. அறைக்குள் அவரோடு ஏலக்காய் வாசமும் வந்தது. விரலில் எண்ணெய் தெறித்த புண் வெகுநாளாக ஆறவில்லை என்று காட்டினார். எனக்கு அப்போதே சந்தேகம். ரத்தம் பார்த்தால் சர்க்கரை.

"எங்க வீட்டுல அவுகளுக்குத் தெரிய வேணாம் டாக்டரம்மா," என்றார். யார் அவர் என்று கேட்டேன். கணவர் பெயரை வாயால் சொல்லாமல், "தேவகோட்டை பஸ் கண்டக்டர்" என்றார்.

நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை. முகத்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. தான் வாயைக் கட்டினால் கணவரும் கட்டிவிடுவாராம். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு அவருடையது, அவர் ஆசைப்பட்டுத் தின்பதே அந்த ஒரு அதிரசம்தான், அதில் ஏன் மண்ணைப் போட வேண்டும் என்று கேட்டார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்புக்கு நான் போன வாரம்தான் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தேன்.

நாங்கள் படிக்கும்போது நோயாளியின் ரகசியம் காப்பது பற்றி ஒரு வகுப்பு உண்டு. நல்ல வகுப்புதான். ஒருவர் ரகசியத்தை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஒரே வீட்டில், ஒரே நோயை, ஒருவருக்கொருவர் மறைக்கிற இரண்டு பேர் ஒரே டாக்டரிடம் வந்தால் டாக்டர் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

மறைமுகமாக முயன்று பார்த்தேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு சோதனை செய்துவிடலாமே, கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் கிடையாது என்று சிரித்தார். கண்டக்டரிடம், மனைவிக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்றேன். அவள் எறும்பு மாதிரி ஓடுகிறவள், அவளுக்கு என்ன வரப்போகிறது என்றார். ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவருக்கு இருந்த பெருமையை அசைக்க முடியவில்லை.

இதற்கிடையில் இரண்டு பேருக்கும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனை உண்டு. அதில் பொய் சொல்ல முடியாது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் குடைந்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் அதிரசத்தை அவர் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை மனைவிக்கு நீட்டுவாராம். தான் குறைவாகத் தின்ன அது ஒரு வழி. அந்த அம்மாள் அதை வாங்கி, மறுபடி பிட்டு, அதில் பெரியதை அவர் தட்டிலேயே வைத்துவிடுவாராம். அவருக்கும் அதே வழி. அவர் திரும்ப வைக்க, இவர் திரும்பத் தர, கடைசியில் யாருடைய மனமும் நோகக்கூடாது என்று இன்னொரு அதிரசத்தை எடுத்து ஆளுக்கு ஒன்றாகத் தின்று முடித்திருக்கிறார்கள். அவர் பாசம் தாங்க முடியவில்லை டாக்டரம்மா என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மாத்திரையின் அளவை மறுபடி கூட்டினேன்.

ஒருநாள் இருவரும் என் வரவேற்பறையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்த எனக்குக் கண்டக்டரின் குரல் மட்டும் கேட்டது. டாக்டரம்மா அதிரசம் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார், அதைக் கேட்டுப் போகத்தான் வந்தேன், என்று அவர் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சளிக்கு வந்ததாகச் சொல்லிவிட்டு, நல்லதாகப் போயிற்று, ஆர்டரை நானே கேட்டுக்கொள்கிறேன் என்று முதலில் உள்ளே வந்துவிட்டார். மாத்திரை எழுதி வாங்கிய பிறகு, "அதிரசம் எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டார். என்ன செய்வது? இரண்டு கிலோ என்றேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் காலை, மாலை இரண்டு வேளையும் அதிரசம். என் கணவர் ஒன்றும் கேட்காமல் தின்றார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஆபத்து.

அதன் பிறகு கண்டக்டருக்கு மாத்திரை போதாது என்ற கட்டம் வந்தது. இன்சுலின் போட வேண்டும். மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று சொன்னதுமே அவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒரு கறிவேப்பிலைக் கொத்து இடம் மாறினாலும் அவர் மனைவிக்குத் தெரிந்துவிடுமாம்.

இந்த மாதிரி நேரத்தில் என் முன்னால் இருப்பவை இரண்டு. ஒன்று, புத்தகத்தில் உள்ள நல்ல சிகிச்சை. இவர் அதைச் செய்ய மாட்டார். மற்றது, இவர் செய்யக்கூடிய அரைகுறைச் சிகிச்சை. நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மருந்து என் கிளினிக் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், காலையில் வந்தால் சிஸ்டர் ஊசி போட்டுவிடுவார், குறைந்த அளவில் தொடங்கலாம் என்றேன். ஊசி போட்ட அரை மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தினமும் காலையில் வெளியே போக வீட்டில் ஒரு காரணம் வேண்டுமே. பேப்பரில் யாரோ ஒரு டாக்டர் எழுதியிருந்ததைப் படித்தேன், இனிமேல் நடைப்பயிற்சி போகப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். நடைக்குப் போகிறவர் ஸ்கூட்டரை எடுக்க முடியாது. சொன்ன பொய்க்காக அவர் தினமும் கிளினிக்குக்கு நடந்து வந்து நடந்தே திரும்ப வேண்டியதாயிற்று. வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று என்னை முறைப்பார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எந்த மருந்துச் சீட்டிலும் எழுதி அவரை அப்படி நடக்க வைத்திருக்க முடியாது.

சர்க்கரை தாழ்ந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் ஒரே வார்த்தைகளில் சொல்லியிருந்தேன். கை நடுங்கினால், குப்பென்று வியர்த்தால், பேச்சு குளறினால் யோசிக்கவே கூடாது, உடனே குளுக்கோஸ். பொட்டலம் எப்போதும் கையோடு இருக்க வேண்டும். அந்த அம்மாள் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டார். இப்போது அவர் நடக்கிறார், ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒரு காலையில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் பழைய டிரைவர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் நின்று பேச்சு. கண்டக்டர் கட்டுப்பாடாகச் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, டிப்போ கதையெல்லாம் பேசி முடித்து, வெறும் வயிற்றோடு வீடு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அடுப்படியில் அதிரசம் போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்பது போலக் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"படியில நிக்காதீக," என்றார் மனைவியைப் பார்த்து. "உள்ள ஏறி வாங்க. டிக்கெட் எடுத்தாச்சா?"

டிக்கெட் கேட்டதைக்கூட அந்த அம்மாள் விளையாட்டு என்று நினைத்திருப்பார். கல்யாணம் ஆன நாள்முதல் நீ, வா, போ என்று பேசிய மனிதர் தன்னை மரியாதையாக வாங்க என்றதைக் கேட்டதும்தான் நிலைமை விபரீதம் என்று அவருக்குப் புரிந்தது. சட்டை நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குளறுகிறது. நான் சொல்லிக்கொடுத்த மூன்றும் கண்முன்னால். சுருக்குப்பையை அவிழ்த்துக் குளுக்கோஸைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து, அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, மெதுவாகக் குடிக்க வைத்தார். அடுப்பில் ஓர் அதிரசம் கரியாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அன்றைக்கு ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். எதிரே மனைவி. அவர் கையில் பொட்டலம்.

"நீ எதுக்குக் குளுக்கோஸ் வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு இப்படி வேர்த்தீக?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

இதையெல்லாம் அன்று காலையிலேயே இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து என்னிடம் சொன்னார்கள். அவருக்கு நாலு இட்லி கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேராகக் கிளினிக்குக்கு வந்துவிட்டார்கள். சிஸ்டர் டோக்கன்கூடக் கொடுக்காமல் உள்ளே ஓடிவந்து, "ரெண்டு பேரும் சேந்து வந்துருக்காக டாக்டரம்மா," என்றார், போலீஸ் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

முதலில் அவருக்குச் சர்க்கரை பார்த்தேன். சரியாகியிருந்தது. ஊசி அளவைக் குறைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விசாரணை தொடங்கியது.

"இவுகளுக்குச் சர்க்கரைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

தெரியும் என்றேன்.

"இவளுக்கு?" என்றார் அவர்.

அதுவும் தெரியும் என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே வரும்போது எதிரெதிராக இருந்தவர்கள் அந்த ஒரு நொடியில் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். ரெண்டையும் தெரிந்துகொண்டேவா ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள் என்று கண்டக்டர் கேட்டார். வரவேற்பறை முழுக்கக் கேட்டிருக்கும். சொல்லக்கூடாது என்று நீங்கள் இருவரும்தான் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டீர்கள் என்றேன்.

"நாங்க ஆயிரம் சொல்லுவோம்," என்றார் அந்த அம்மாள். "நீங்க டாக்டரு. அதைப் போயி கேக்கலாமா?"

திட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் அதே சூழ்நிலை மறுபடி வந்தால் அப்படியேதான் செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமும் போய்விட்டால் இருவரும் எந்த மாத்திரையும் போடாமலே இருந்திருப்பார்கள்.

அந்த அம்மாள் என்னைத் திட்டி ஓய்ந்தார். பிறகு கணவரைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கேட்டார். "அப்ப தினமும் பெரிய பாதியை எனக்குக் குடுத்தது இதுக்குத்தானா? நான் ஆசையாக் குடுக்குறீகன்னு நெனச்சேன்."

கண்டக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ மட்டும் என்ன செய்தாய், எனக்கே திரும்ப வைத்தாயே என்று கேட்டிருக்கலாம். நியாயமான கேள்வி. அவர் கேட்கவில்லை.

"ஆசையும்தான்," என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதன் பிறகு உண்மையான வைத்தியம் தொடங்கியது. அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் இன்றோடு பலகாரம் கிடையாது, அடுப்பை அணைத்தாயிற்று என்றார். பாருங்கள், இதற்குத்தான் மறைத்தேன் என்று கண்டக்டர் என்னிடம் முறையிட்டார். வியாபாரம் நடக்கட்டும், வாய்தான் பிரச்சினை என்றேன் நான். பதம் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அதிரசத்தைத் துப்புவதா என்று இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டாரை ருசி பார்க்கச் சொல்லலாம் என்றேன். அவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள், எப்படி இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்று அந்த அம்மாள் தள்ளிவிட்டார்.

பேரம் நீண்டது. கடைசியில் படிந்தது இது: இனிப்பு ஆர்டர்களையெல்லாம் வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்க வேண்டும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் சோறு பாதி. சாப்பிட்ட பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். முதல் அதிரசத்தில் ஆளுக்கு ஒரு நகமளவு. திரும்பக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இன்சுலின் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகும். ஊசி போடும் வேலையை அந்த அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டார். சிஸ்டர் ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டார். முதல் ஊசிக்குக் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நடைப்பயிற்சியை நிறுத்தப் பார்த்தார். அது நடக்கவில்லை. இப்போது இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது. புத்தகத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. மதுரையில் இருக்கும் பெரிய டாக்டர் யாராவது பார்த்தால் என்னைக் கண்டிப்பார். எனக்கு இதுவே போதும். விரல் புண் ஆறிவிட்டது. கால் எரிச்சல் குறைந்துவிட்டது.

ஆனால் இப்போது அவர்களுக்கு இரண்டு நோயாளிக்கான நேரம் போதாது. சேர்ந்து வந்து ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கிறார்கள். நேற்று இவர் டீக்கடையில் பஜ்ஜி தின்றார் என்பார் அந்த அம்மாள். இவள் உடைந்த மனகோலத்தை வாயில் போட்டாள், நான் பார்த்தேன் என்பார் அவர். உடைந்ததைப் பார்சலில் வைக்க முடியுமா என்று அந்த அம்மாள் என்னிடமே நியாயம் கேட்பார். சென்ற முறை வந்தபோது வழக்கு நகத்தைப் பற்றி. நகமளவு என்று சொன்னேனே, அது யாருடைய நகம், எந்த விரல் நகம்? அவர் தன்னுடைய கட்டைவிரல் என்று வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த விரல். அகலமான நகம்.

நான் அந்த அம்மாளின் சுண்டுவிரல் என்று தீர்ப்புச் சொன்னேன். அந்த அம்மாள் உடனே சுண்டுவிரலை என் மேசைமேல் நீட்டிக் காட்டினார். மாவு தட்டித் தட்டித் தேய்ந்த சின்ன நகம். கண்டக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தார்.

"இதுல என்ன பதம் தெரியும்?" என்றார்.

"தெரியும். வாயில போட்டுக்கிட்டு உடனே முழுங்கிறாம இருந்தாத் தெரியும்," என்றார் அந்த அம்மாள்.